கிளாம்பாக்கத்தில் நின்ற ரயில்

(லிங்க்டு லிஸ்ட் பற்றி ஓர் எளிய விளக்கம்)

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், கிளாம்பாக்கம், கிளாம்பாக்கம், கிளாம்பாக்கம்...

போன வருஷம் டேட்டா ஸ்ட்ரக்சர் லேபில், மாடல் பிராக்டிகல் அன்று, என் கம்ப்யூட்டர் திரையில் ஓடியது இதுதான். ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தவே தெரியவில்லை. பக்கத்து சீட்டுத் தோழி எட்டிப் பார்த்து, "என்னடி, உன் வண்டிக்கு சிக்னல் விழலையா?" என்றாள். லேபே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பேப்பரில் ஒரு பூஜ்யம் போட்டார்.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. லிங்க்டு லிஸ்ட் என்றாலே பயந்து ஓடும் ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு இது உதவும் என்று நம்புகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். எனக்கே புரிந்துவிட்டது என்றால் உங்களுக்கு நிச்சயம் புரியும்.

நம்பர் போட்ட சீட்டு

முதலில் அர்ரே என்றால் என்ன என்று பார்ப்போம். தமிழில் அணி என்கிறார்கள். சினிமா தியேட்டரில் ஒரு வரிசை சீட்டு மாதிரி. 0, 1, 2, 3 என்று நம்பர் போட்டு ஒட்டி ஒட்டி வைத்திருப்பார்கள். ஐந்தாம் நம்பர் எங்கே என்று தேட வேண்டாம், நேரே போய் உட்காரலாம்.

எங்களுக்குக் கொடுத்த கணக்கு தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை உள்ள ரயில் நிலையங்கள். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில், பரனூர், செங்கல்பட்டு. மொத்தம் 11. ஒரு பெயருக்கு 30 பைட் என்று ஒதுக்கி, மெமரியில் 1000 என்ற இடத்தில் தாம்பரத்தை வைத்தால், பத்தாம் நம்பரான செங்கல்பட்டு எங்கே? 1000 கூட்டல் 10 பெருக்கல் 30. அதாவது 1300. ஒரே கணக்கில் செங்கல்பட்டு போய்விடலாம். அர்ரேயின் பலம் இது.

பலவீனம் எங்கே தெரியுமா? நடுவில் ஒன்றைச் சேர்க்கும்போது. கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். அந்த முனையத்துக்காக வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு ரயில் நிலையத்தைச் சேர்க்கும் வேலையை எடுத்தார்கள். அதைத்தான் மேடம் கேள்வியாக்கிவிட்டார். "வண்டலூருக்குப் பிறகு கிளாம்பாக்கத்தைச் சேர்க்கவும்."

அர்ரேயில் இதைச் செய்ய வேண்டுமென்றால் ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை எட்டு நிலையங்களையும் ஒவ்வொரு சீட்டாகத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். அதுவும் கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினொரு சீட்டு மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் செங்கல்பட்டுக்கு உட்கார இடமே இருக்காது. எட்டுக்கு இந்தப் பாடு என்றால், எட்டு லட்சம் பெயர் இருக்கிற பட்டியலில் என்ன பாடு!

ஆனால் நிஜத்தில் ரயில்வேக்காரர்கள் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனைப் பெயர்த்து தெற்கே தள்ளி வைத்தார்களா? இல்லையே! எந்த ஸ்டேஷனும் அசையவில்லை. "வண்டலூருக்கு அடுத்தது எது?" "கிளாம்பாக்கத்துக்கு அடுத்தது எது?" என்ற இரண்டே கேள்விகளுக்கான பதிலை எழுதினால் போதும். இதுதான் லிங்க்டு லிஸ்ட்.

சட்டைப் பையில் ஒரு சீட்டு

லிங்க்டு லிஸ்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் நோடு என்று பெயர். தமிழ்ப் புத்தகங்களில் கணு என்கிறார்கள். கரும்புக் கணு ஞாபகம் வருகிறதா? ஒரு நோடில் இரண்டு அறை. ஒன்றில் நமக்கு வேண்டிய விஷயம், அதாவது ஸ்டேஷன் பெயர். இன்னொன்றில் அடுத்த நோடு மெமரியில் எங்கே இருக்கிறது என்கிற விலாசம். இந்த விலாசத்துக்குத்தான் பாயிண்டர் என்று பெயர்.

பாயிண்டர் எனக்குப் புரிந்ததே எங்க அப்பாவால்தான். 2003-ல் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அப்பா கட்டட வேலை தேடி வந்தார். கையில் ஒரே ஒரு சீட்டு. பல்லாவரத்தில் இருந்த ஒரு மாமாவின் விலாசம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை நீட்டி நீட்டிக் கேட்டுக்கொண்டே போனார். பல்லாவரம் வீட்டில் மாமா இல்லை, குரோம்பேட்டைக்கு மாறிவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். குரோம்பேட்டையில் விசாரித்தால் பெருங்களத்தூரில் வேலை நடக்கிற இடத்தின் விலாசம் கிடைத்தது. அங்கேதான் மாமா இருந்தார்.

கவனித்தீர்களா? முதல் சீட்டில் கடைசி விலாசம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தின் விலாசம் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டே போனால் போய்ச் சேரலாம். லிங்க்டு லிஸ்டில் நாம் நடப்பதும் இப்படியே. புரோகிராம் தன் கையில் வைத்திருப்பது முதல் நோடின் விலாசம் மட்டும். அதற்கு ஹெட், அதாவது தலை என்று பெயர். கடைசி நோடில் அடுத்த விலாசம் என்று ஒன்றும் இருக்காது. அங்கே நல் என்று எழுதி வைப்போம். "வண்டி இதற்கு மேல் போகாது" என்று அர்த்தம்.

அந்தச் சீட்டு நனைந்தோ தொலைந்தோ போயிருந்தால்? பல்லாவரமும் இருந்திருக்கும், குரோம்பேட்டையும் இருந்திருக்கும், மாமாவும் இருந்திருப்பார். ஆனால் அப்பாவுக்கு யாருமே இல்லை. புரோகிராமில் ஹெட்டைத் தொலைத்தாலும் இதே கதைதான். நோடுகள் எல்லாம் மெமரியில் பத்திரமாகவே இருக்கும். போகத்தான் வழி இருக்காது.

பூஜ்யம் வாங்கிய இரண்டு வரி

இப்போது என் தப்புக்கு வருகிறேன். நோடுகள் அர்ரே மாதிரி ஒட்டி ஒட்டி இருக்காது. மேல்லாக் என்று கேட்டால் கம்ப்யூட்டர் எங்கே காலியோ அங்கே இடம் கொடுக்கும். புரிவதற்காக நானே சில நம்பர் போடுகிறேன்.

வண்டலூர் 2200 என்ற இடத்தில் இருக்கிறது. அதன் "அடுத்தது" அறையில் 7600 என்று இருக்கிறது.
ஊரப்பாக்கம் 7600 என்ற இடத்தில் இருக்கிறது.
புதிதாக வந்த கிளாம்பாக்கத்துக்கு 3100-ல் இடம் கிடைத்திருக்கிறது.

நான் எழுதிய இரண்டு வரியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்.

வண்டலூர்.அடுத்தது = கிளாம்பாக்கம்
கிளாம்பாக்கம்.அடுத்தது = வண்டலூர்.அடுத்தது

படித்தால் சரியாகத்தானே இருக்கிறது? நானும் அப்படித்தான் நினைத்தேன். நம்பர் போட்டுப் பாருங்கள். முதல் வரி முடிந்ததும் வண்டலூரின் அறையில் 7600 அழிந்து 3100 வந்துவிட்டது. இரண்டாவது வரியில் "வண்டலூருக்கு அடுத்தது எது?" என்று கேட்டால் கிடைப்பது 3100. அது யார்? கிளாம்பாக்கமே! அதைக் கொண்டுபோய் கிளாம்பாக்கத்தின் "அடுத்தது" அறையில் எழுதுகிறோம். கிளாம்பாக்கத்துக்கு அடுத்தது கிளாம்பாக்கம். அதற்கு அடுத்தது? அதுவும் கிளாம்பாக்கம். வண்டி எப்படி நகரும்?

7600 என்ற நம்பர் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதியிருந்தது. அது வண்டலூரின் அறை. அதை அழித்ததோடு ஊரப்பாக்கம் முதல் செங்கல்பட்டு வரை எட்டு ஸ்டேஷனும் போச்சு. மெமரியில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஆனால் யாராலும் தொட முடியாது. இதைத்தான் மெமரி லீக் என்கிறார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, எங்கள் வீடே ஊரப்பாக்கத்தில்தான். என் புரோகிராமில் நான் ஏறினால் வீட்டுக்கே போக முடியாது!

சாரத்தில் கற்ற பாடம்

அன்றைக்கு எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. தாம்பரத்தில் லோக்கல் ஏறி ஊரப்பாக்கம் வரும் வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். மாடலில் பூஜ்யம், யுனிட் டெஸ்டில் ஒன்பது மார்க். அரியர் நிச்சயம் என்று தோன்றியது. சித்தி பொண்ணு மெப்ஸில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள், மாதா மாதம் வீட்டுக்குப் பணம் தருகிறாள். நாமும் போய்விடலாம், அப்பாவுக்குப் பாரமாவது குறையும் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார். "ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

சொன்னால் புரியாது என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னேன். கம்ப்யூட்டர் என்று சொல்லவில்லை. "மூணு பேரு வரிசையா கைகோத்து நிக்கிறாங்கப்பா. நடுவுல ஒருத்தரை சேக்கணும். நான் சேத்தா பின்னாடி இருக்கிறவங்கல்லாம் காணாம போயிடறாங்க" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "மொதல்ல எந்தக் கைய வுட்ட?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டினார். அந்த மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். நான் நாலாவது படிக்கும்போது பூச்சு வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் ஆனது. மூன்று மாதம் வேலை இல்லை. அம்மா வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

"சாரத்துல ஒரு கம்புலேர்ந்து இன்னொரு கம்புக்கு மாறணும்னா, புதுக் கம்ப நல்லா புடிச்சிக்கினு அப்பறம்தான் பழச வுடணும். அன்னைக்கு நான் வுட்டுட்டு புடிக்கப் பாத்தேன். மேஸ்திரி மொத நாளே சொல்லிக் குடுத்ததுதான். மறந்துட்டேன்."

நான் எச்சில் கையோடு எழுந்து போய் நோட்டை எடுத்தேன். இரண்டு வரியையும் இடம் மாற்றி எழுதினேன்.

கிளாம்பாக்கம்.அடுத்தது = வண்டலூர்.அடுத்தது
வண்டலூர்.அடுத்தது = கிளாம்பாக்கம்

முதல் வரியில் கிளாம்பாக்கம் 7600-ஐப் பிடித்துக்கொண்டது. ஊரப்பாக்கம் பத்திரம். இப்போது அந்த விலாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வண்டலூர் தன் அறையில் 3100 என்று மாற்றிக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஓர் எழுத்துக்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றினேன். முதலில் பிடி, அப்புறம் விடு. லிங்க்டு லிஸ்டின் பாதி ரகசியம் இவ்வளவுதான்.

எடுப்பதிலும் அதே விதி

நீக்குவதும் இப்படியே. கிளாம்பாக்கத்தை எடுக்க வேண்டுமா? முதலில் அதன் விலாசத்தை ஒரு தற்காலிகப் பாயிண்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கிளாம்பாக்கத்தின் கையில் இருக்கும் 7600-ஐ வண்டலூருக்குக் கொடுக்க வேண்டும். கடைசியாகத்தான் ஃப்ரீ செய்து இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஃப்ரீ செய்த பிறகு அந்த நோடிடம் போய் "உனக்கு அடுத்தது எது?" என்று கேட்கக் கூடாது. சில சமயம் பழைய பதிலே வரும், சில சமயம் குப்பை வரும், சில சமயம் புரோகிராமே நின்றுவிடும். லேபில் சரியாக ஓடி, எக்ஸாமினர் முன்னால் காலை வாருவது பெரும்பாலும் இந்தத் தப்புதான். நிற்கிற பலகையையே உருவினால் என்ன ஆகும்?

யார் கண்டுபிடித்தது?

சிலபஸில் இல்லை என்றாலும் எனக்குப் பிடித்த பகுதி இது. 1955-56 வாக்கில் அமெரிக்காவின் ராண்ட் கார்ப்பரேஷனில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் என்ற மூவரும் ஒரு புரோகிராம் எழுதினார்கள். பெயர் லாஜிக் தியரிஸ்ட். தர்க்கத் தேற்றங்களைக் கம்ப்யூட்டரே நிரூபிக்க வேண்டும். பிரின்சிபியா மேதமேட்டிகா என்ற புகழ் பெற்ற புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் முதல் 52 தேற்றங்களில் 38-ஐ அது நிரூபித்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு நிரூபணம் எத்தனை அடியில் முடியும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? எத்தனை சீட்டு என்று அர்ரேக்கு எப்படிச் சொல்வது? அதனால்தான், தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளும் இந்த முறையைத் தங்களுடைய ஐ.பி.எல். என்ற மொழியில் கொண்டுவந்தார்கள். (கிரிக்கெட் ஐ.பி.எல். அல்ல!) நாம் நோட்டில் வரைகிற பெட்டியும் அம்புக்குறியும் நியூவெல்லும் ஷாவும் 1957-ல் வெளியிட்ட கட்டுரையிலேயே இருக்கிறது. பிறகு 1958-ல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ட்டையே அடிப்படையாக வைத்து லிஸ்ப் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1975-ல் நியூவெல்லுக்கும் சைமனுக்கும் டூரிங் விருது கிடைத்தது.

நல் என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஒன்றுமில்லாத விலாசம் என்ற இந்த யோசனையை 1965-ல் ஆல்கால் டபிள்யூ என்ற மொழிக்காகச் சேர்த்தவர் டோனி ஹோர். 2009-ல் ஒரு கூட்டத்தில் அவரே அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தப்பு என்று சொன்னார். நல் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த அடி வைத்து உலகம் முழுக்க எத்தனையோ புரோகிராம்கள் விழுந்திருக்கின்றன. அவ்வளவு பெரியவரே தப்பை மேடையில் ஒப்புக்கொள்ளும்போது, என் பூஜ்யத்தை ஆண்டு மலரில் ஒப்புக்கொள்ள எனக்கென்ன வெட்கம்!

அப் லைன், டவுன் லைன், ஃபாஸ்ட் லோக்கல்

இதுவரை பார்த்தது ஒற்றைத் தண்டவாளம். செங்கல்பட்டு போகலாம், திரும்பி வர முடியாது. ஒவ்வொரு நோடிலும் "முந்தையது" என்று இன்னோர் அறை வைத்தால் இரண்டு பக்கமும் போகலாம். இது டபுளி லிங்க்டு லிஸ்ட். பீச் - தாம்பரம் நடுவே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறதே, அதில் அப்பும் டவுனும் இருப்பது போல. ஆனால் ஒரு நோடைச் சேர்க்க நான்கு விலாசம் எழுத வேண்டும். தப்புப் பண்ணவும் நான்கு வாய்ப்பு.

கடைசி நோடில் நல்லுக்குப் பதில் முதல் நோடின் விலாசத்தை எழுதினால் சுற்றி வரும். இது சர்க்குலர் லிஸ்ட். பல வேலைகளுக்கு முறை வைத்துக் கொஞ்சம் கொஞ்சம் நேரம் ஒதுக்க இது உதவும். (என்னுடைய கிளாம்பாக்கமும் ஒரு சர்க்குலர் லிஸ்ட்தான் என்று மேடமிடம் சொல்லிப் பார்த்தேன். மார்க் தரவில்லை.)

எல்லா ஸ்டேஷனிலும் நிற்காத ஃபாஸ்ட் லோக்கலில் போயிருப்பீர்கள். லிஸ்டிலும் அப்படி மேலே ஒரு வேகப் பாதை போட்டால் சீக்கிரம் தேடலாம். இதற்கு ஸ்கிப் லிஸ்ட் என்று பெயர். வில்லியம் பியூ என்பவர் 1990-ல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்.

பென் டிரைவுக்குள் ஒரு ரயில்

"இதெல்லாம் பரீட்சைக்குத்தானே, வெளியில் எங்கே வருது?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பையில் இருக்கும் பென் டிரைவிலேயே வருகிறது. மைக்ரோசாஃப்டில் 1977-ல் உருவான ஃபேட் என்ற முறையில்தான் அந்தக் காலத்து ஃபிளாப்பிகள் இருந்தன. பென் டிரைவுகளிலும் அதன் வாரிசான ஃபேட்-32 உண்டு. ஒரு ஃபைல் பல துண்டுகளாக அங்கங்கே கிடக்கும். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் முதல் துண்டின் நம்பர் மட்டும் இருக்கும். அதுதான் ஹெட். ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த துண்டு எது என்று ஓர் அட்டவணையில் எழுதியிருக்கும். கடைசித் துண்டுக்கு "முடிந்தது" என்ற குறி.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கினால் என்ன ஆகலாம்? துண்டுகள் கோத்து நிற்கும், ஆனால் எந்தப் பெயரும் அவற்றின் தலையைப் பிடித்திருக்காது. செக்டிஸ்க் ஓட்டினால் அந்த அநாதைச் சங்கிலிகளைத் தேடிப் பிடித்து, பெயருக்குப் பதில் ஒரு நம்பர் போட்டு ஃபைலாக்கித் தரும். தொலைந்த ஊரப்பாக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற மாதிரி.

எப்போது வேண்டாம்?

லிங்க்டு லிஸ்ட் எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. ஏழாவது நோடு வேண்டுமென்றால் முதலிலிருந்து நடந்துதான் போக வேண்டும். நடுவைத் தொட்டுப் பாதிப் பாதியாகக் குறைக்கும் பைனரி சர்ச் இதில் பிரயோஜனப்படாது. இடமும் கூடுதல். ஓர் முழு எண்ணுக்குப் பொதுவாக 4 பைட். 64 பிட் கம்ப்யூட்டரில் ஒரு பாயிண்டருக்கு 8 பைட். இரண்டையும் ஒரு நோடில் வைத்தால், வரிசைப்படுத்த விடும் காலி இடத்தோடு 16 பைட் ஆகிவிடும். ஆயிரம் எண்களுக்கு அர்ரேயில் 4,000 பைட் போதும், இங்கே 16,000. தவிர, இன்றைய பிராசசர்கள் பக்கத்துப் பக்கத்து இடங்களைச் சேர்த்துச் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளும். அதனால் வரிசையாகப் படிப்பதற்கு அர்ரேதான் வேகம். அடிக்கடி சேர்ப்பதும் எடுப்பதும் இருந்து, சேர்க்கிற இடமும் கையில் இருந்தால் லிங்க்டு லிஸ்ட். படிப்பதும் தேடுவதும்தான் வேலை என்றால் அர்ரே.

பிராக்டிகல் போகும் முன்

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை ஜூனியர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

1. கீபோர்டைத் தொடும் முன் பேப்பரில் பெட்டி வரைந்து, என் மாதிரி நம்பர் போட்டுப் பாருங்கள். அம்பு மட்டும் வரைந்தால் தப்பு கண்ணுக்குத் தெரியாது. நம்பர் அழிந்தால் தெரியும்.

2. லிஸ்ட் காலியாக இருந்தால் புரோகிராம் என்ன செய்யும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. முதல் நோடுக்கு முன்னால் சேர்த்தாலோ, முதல் நோடையே எடுத்தாலோ ஹெட் மாற வேண்டும். மாறுகிறதா?

4. ஒரே ஒரு நோடு இருந்து அதையும் எடுத்தால் ஹெட்டில் நல் வருகிறதா?

5. கடைசி நோடில் நல் இருக்கிறதா?

6. லிஸ்டில் நடந்து போக ஹெட்டையே நகர்த்தாதீர்கள். வேறு ஒரு பாயிண்டரை அனுப்புங்கள். ஊர்ச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அப்பா எங்கே போவார்?

கடைசியாக

யுனிவர்சிட்டி, கம்பெனி, கோடிங் என்று பேசுகிற இடங்களில் எனக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது. இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தால்தான் புரிகிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். புத்தகத்தில் இருக்கிற விஷயம் எதுவும் வானத்திலிருந்து குதித்ததில்லை. அது ஏற்கெனவே நம் வீட்டிலும் தண்டவாளத்திலும் சாரத்திலும் வேறு பெயரில் இருக்கிறது. கேட்கத்தான் தோன்றவில்லை. சொன்னால் புரியாது என்று நான் நினைத்த மனுஷன்தான், எனக்குப் புரியாததை ஒரே கேள்வியில் புரிய வைத்தார். மெப்ஸ் வேலைக்குப் போகும் யோசனையை நான் விட்டேன். அதுகூட, படிப்பைப் பிடித்துக்கொண்ட பிறகுதான்.

போர்டு பிராக்டிகலில் எனக்கு வந்த கேள்வி, லிஸ்டின் நடுவிலிருந்து ஒரு நோடை நீக்குவது. பேப்பரில் நம்பர் போட்டுப் பார்த்தேன். தற்காலிகப் பாயிண்டரில் பிடித்தேன், இணைத்தேன், அப்புறம்தான் விட்டேன். எக்ஸாமினர் முதல் நோடை நீக்கச் சொன்னார், கடைசியை நீக்கச் சொன்னார், காலியாக்கச் சொன்னார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அப்பா சட்டையைக் கழற்றுவதற்கு முன்னாடியே கேட்டார். "இன்னாம்மா, வண்டி ஊரப்பாக்கம் வந்துச்சா?"

"வந்துடுச்சுப்பா" என்றேன். "செங்கல்பட்டு வரைக்கும் போச்சு."

– மூன்றாம் ஆண்டு மாணவி,
டிப்ளமோ, கம்ப்யூட்டர் பிரிவு